மறு: தானியங்கு நரம்புக் குலைவு – உணவு, தண்ணீர் பற்றிய கலைச்சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நோயாளிகளுக்கான தமிழ்க் கையேட்டில் வரும் கலைச்சொற்களைப் பற்றிய நம் மடல் இழை நீண்டுவிட்டது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானாகக் கவனிக்கும் நரம்புகள் சரியாக வேலை செய்யாத நோயைப் பற்றியது அது. நோயின் பெயரில் நமக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். லாங்லி என்ற உடலியங்கியல் அறிஞர் 1898இல் வைத்த ‘ஆட்டோனோமிக்’ என்ற பெயருக்குத் தமிழில் ‘தானியங்கு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை ஒட்டி ‘தானியங்கு நரம்புக் குலைவு’ என்றால் போதும். நான் எழுத வந்தது உணவுப் பகுதிக்கு நாம் வைக்கப்போகும் சொற்களைப் பற்றி. அவற்றைப் படித்துவிட்டு நோயாளி நேராகச் சாப்பாட்டு மேசைக்குத்தான் போகிறார். அங்கே சொல் தப்பானால் உடம்பு படும்.

> ‘சால்ட் அண்டு ஃபுளூயிட் லோடிங்’ (உப்பும் நீரும் வழக்கத்தைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்வது) என்பதற்கு ‘உப்புநீர் ஏற்றம்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. ‘ஏற்றுவது’ என்றாலே நமக்கு ஊசி வழியாக ஏற்றுவதுதான். ‘ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க’ என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். இதைப் படித்தவர் சலைன் போட்டுக்கொள்ள மருத்துவமனை தேடிப் போவார். இதுவோ வாய்வழியாக, வீட்டிலேயே, ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டியது.

‘உப்புநீர்’ என்று ஒட்டி எழுதுவதில் எனக்கு இன்னும் பெரிய தயக்கம் உண்டு. உப்பும் நீரும் இங்கே வெவ்வேறு வேலை செய்கின்றன. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. நலமானவர்களுக்குத் தானியங்கு நரம்புகள் இரத்தக் குழாய்களை உடனே இறுக்கி, மூளைக்குப் போகும் ஓட்டத்தைக் காப்பாற்றிவிடும். அது சரியாக நடக்காதவர்களுக்குத் தலை சுற்றும், கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும். ‘பாட்ஸ்’ என்கிற வகையில் நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடிவிடுகிறது. பதின்ம வயதினருக்கு இந்த அளவு 40. இவர்களில் பலருக்கு உடலில் ஓடும் இரத்தத்தின் கொள்ளளவே குறைவு. அதைக் கூட்டத்தான் தண்ணீர். குடித்த தண்ணீர் சிறுநீராகப் போய்விடாமல் பிடித்து வைக்கத்தான் உப்பு. உப்பின் பயன் ஒரு மடக்கில் தெரிவதல்ல, நாள் கணக்கில் சேர்வது. அதைச் சாப்பாட்டோடு, நாள் முழுக்கப் பரப்பிச் சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு இன்னொரு தனி வேலையும் உண்டு. சுமார் அரை லிட்டர் வெறும் தண்ணீரைச் சில நிமிடங்களுக்குள் குடித்துவிட்டால், தானியங்கு நரம்புகள் பழுதடைந்தவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. அரை மணி நேரத்தில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது. பாட்ஸ் உள்ளவர்களுக்கு நிற்கும்போது கூடும் நாடித்துடிப்பு ஓரளவு அடங்குகிறது. இதற்குக் காரணம் தண்ணீரின் அளவு மட்டுமல்ல. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் இரத்தம் சட்டென்று நீர்த்துப் போவதை அங்குள்ள உணர்விகள் கண்டுகொண்டு பரிவு நரம்புகளை, அதாவது இரத்தக் குழாய்களை இறுக்கும் தானியங்கு நரம்புகளை, தூண்டுகின்றன. அதனால் இந்த உடனடிப் பலனுக்கு உப்புக் கலக்காத தண்ணீர்தான் வேண்டும். ‘உப்புநீர்’ என்று நாம் எழுதி வைத்தால், படிப்பவர் கையில் இருக்கும் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்குவார். இரண்டில் ஒரு பலன் அங்கேயே போய்விடும்.

ஆகவே என் முன்மொழிவு: ஒரே சொல் வேண்டாம். ‘நீர் கூட்டல்’, ‘உப்புக் கூட்டல்’ என்று இரண்டு பதிவுகள். ‘உப்பைக் குறை’ என்று மருத்துவர் சொல்வது எல்லோருக்கும் பழக்கம். அதற்கு எதிர்ப்பதம் ‘கூட்டு’தானே? விளக்கம் இல்லாமலே புரியும். வேகமாகக் குடிக்கும் அந்த அரை லிட்டருக்கு மட்டும் தனியாக ‘ஒருமூச்சு நீர்’. ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும் அளவைச் சொல்லும் ‘போலஸ்’ என்பதைக் ‘கவளம்’ என்று பெயர்த்திருந்தார்கள். கவளம் சோற்றுக்குப் பொருந்தும், தண்ணீருக்கு ஒட்டவில்லை. என் தங்கைக்கு இந்தக் கோளாறு உண்டு. காலையில் கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, இரவே நிரப்பித் தலைமாட்டில் வைத்த பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் குடித்து முடிப்பாள். காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டுத்தான் எழுவாள். ‘ஒருமூச்சு’ என்ற சொல் அவளிடமிருந்து வந்ததுதான்.

> ‘உப்புப் பத்தியம்’ சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான் அம்மா, ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். பத்தியம் என்றால் விலக்குவது. ‘உப்புப் பத்தியம்’ என்று படித்தவர் உப்பை நிறுத்திவிடுவார். பாட்ஸ் உள்ள பெரியவர்களுக்கு 2015இல் வந்த இதயத் துடிப்பு வல்லுநர்களின் இணக்க அறிக்கை நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீரும் 10 முதல் 12 கிராம் உப்பும் பேசுகிறது. உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்லும் வரம்போ 5 கிராமுக்கும் கீழே. இவ்வளவு எதிரெதிரான இரண்டு அறிவுரைகளுக்கு நடுவில் பத்தியம் என்ற சொல் நிற்க முடியாது.

இதோடு சேர்ந்த ஒன்று. ஆங்கிலக் கையேடுகள் பலவற்றில் ‘சோடியம்’ கணக்குதான் இருக்கும். அதை ‘உப்பு’ என்று பெயர்ப்பது நம்மிடம் சாதாரணமாக நடக்கிறது. உப்பில் சோடியம் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடுதான். 10 கிராம் உப்பில் 4 கிராம் சோடியம். ‘4,000 மில்லிகிராம் சோடியம்’ என்பது ‘4 கிராம் உப்பு’ என்று தமிழில் வந்தால், நோயாளிக்குப் பாதிகூடப் போய்ச் சேராது. மாற்றிப் பெயர்த்தாலோ இரண்டரை மடங்கு. கலைச்சொல் பட்டியலில் ‘சோடியம்’, ‘உப்பு’ இரண்டுக்கும் தனித்தனி வரி கட்டாயம் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், ‘போஸ்ட்பிராண்டியல் ஹைப்போடென்ஷன்’, அதாவது சாப்பிட்டபின் இரத்த அழுத்தம் இறங்குவது.

> ‘உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு’ என்று பழமொழியே இருக்கிறது. ‘உண்ட மயக்கம்’ என்றே வைக்கலாம்.

அழகான யோசனை, எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பழமொழியில் மயக்கம் என்பது கண் சொக்குவது. சாப்பிட்டால் யாருக்கும் வருவது என்று ஆறுதல் சொல்லும் பழமொழி அது. இங்கே நடப்பது வேறு. சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 மி.மீ. பாதரச அளவோ அதற்கு மேலோ இறங்கினால்தான் இந்தப் பெயர். செரிமானத்துக்காகக் குடல் பக்கம் இரத்தம் போகிறது, மற்ற இடங்களில் குழாய்களை இறுக்கி ஈடுகட்ட நரம்புகளால் முடியவில்லை. மேசையை விட்டு எழுந்த மனிதர் விழுந்து எலும்பு முறியலாம். ‘எல்லோருக்கும் வருவதுதானே’ என்று அவர் நினைத்துவிடக் கூடாது. நம் மொழியில் தூக்கமும் தலைச்சுற்றலும் நினைவு தப்புவதும் மயக்கம்தான். அறுவைக்கு முன் கொடுக்கும் மருந்தையும் மயக்க மருந்து என்கிறோம். கலைச்சொல்லுக்கு அவ்வளவு அகலம் ஆகாது.

நான் சொல்வது ‘உண்டபின் அழுத்தச்சரிவு’. ‘தாழழுத்தம்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அது எப்போதும் தாழ்ந்தே இருப்பதைச் சொல்வது போலிருக்கிறது. இங்கே அளப்பது சாப்பாட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்குமான இறக்கத்தை. ‘சரிவு’ என்றால் செய்ய வேண்டியதும் விளங்கும்: ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிடாமல் சிறிது சிறிதாகப் பல வேளை, மாவுப்பொருளும் சர்க்கரையும் அளவாக, சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒருமூச்சு நீர், சாப்பிட்டதும் சட்டென்று எழாமல் இருப்பது. மதுவும் இதே சரிவைக் கூட்டும், குழாய்களை விரித்துவிடுவதால். ஒரு எச்சரிக்கை: பாட்ஸ் உள்ளவர்களுக்குச் சாப்பிட்டதும் படபடப்பு கூடுவது உண்டு, அழுத்தம் இறங்காமலேயே அது வரலாம். அதற்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

நிமிர்ந்திருப்பதை உடல் தாங்காத நிலையான ‘ஆர்த்தோஸ்டேட்டிக் இன்டாலரன்ஸ்’ பற்றிச் சுருக்கமாக. ‘நிமிர்நிலைத் தாளாமை’ எனக்குச் சரியாகப் படுகிறது. ‘நிற்றல்’ என்றால் உட்கார்ந்திருக்கும்போது வரும் தொல்லை விட்டுப்போகும். ‘ஒவ்வாமை’ வேண்டவே வேண்டாம். அது அலர்ஜிக்கு நிலைத்துவிட்டது. உணவைப் பற்றிய கையேட்டில் அந்தச் சொல் வந்தால், எந்த உணவு ஒவ்வவில்லை என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கத் தொடங்குவார்கள். ஏற்கெனவே வாந்தி உணர்வாலும் வயிறு மந்தத்தாலும் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் இவர்கள்.

கடைசியாக, ‘உப்புக் கூட்டல்’ பதிவின் விளக்கத்திலேயே ‘மருத்துவர் சொன்னவர்களுக்கு மட்டும்’ என்று இருக்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. நிற்கும்போது அழுத்தம் இறங்கிப் படுத்தால் எகிறுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒருமூச்சு நீரைப் படுக்கப் போகும் நேரத்தில் குடிக்கக் கூடாது. அந்த நிலைக்குக் ‘கிடைநிலை மிகையழுத்தம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘கிடைநிலை’ என்றால் கணக்குப் பாடம் நினைவுக்கு வருகிறது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள், பட்டியலில் அந்த ஒரு வரியைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்.