பழைய டூ ஸ்ட்ரோக் புல்வெட்டி: சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது, உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். தாம்பரத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்காக அப்பா வாங்கி, பல ஆண்டுகளாக மாடிப்படிக்கு அடியில் கிடந்த நைலான் நரம்புப் புல்வெட்டியை மீண்டும் ஓட வைக்க முயன்று வருகிறேன். சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் அடைப்பு) போட்டுக் கயிற்றை இழுத்தால் உடனே பற்றிக்கொள்கிறது. சோக்கை எடுத்ததும் அடங்கிவிடுகிறது.

பிளக்கில் தீப்பொறி நன்றாகவே இருக்கிறது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்தபோது, இளக்கமாக இருக்க வேண்டிய டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு பொரிக்காத அப்பளம்போல் விறைத்திருந்தது. டேங்குக்குள் போகும் பெட்ரோல் குழாய் விரலால் வளைத்தவுடன் விண்டு போனது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் இரண்டையும், கூடவே பில்டரையும் மாற்றி, லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான எண்ணெய்) கலந்து ஊற்றினேன். சைலன்சர் வலையில் படிந்திருந்த கரியையும் சுரண்டியாயிற்று. ஆனாலும் குறை தீரவில்லை. பிளக்கின் முனை வெளுத்தே இருப்பதால், எங்கிருந்தோ கூடுதல் காற்று நுழைந்து கலவை மெலிகிறது என்று நினைக்கிறேன்.

கசிவு கார்புரேட்டர் கேஸ்கட்டிலா (இணைப்பில் வைக்கும் அடைப்புத் தகடு), கிராங்க் ஆயில் சீலிலா (என்ஜினின் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) என்பதை அழுத்தமானி இல்லாமல் வீட்டிலேயே கண்டறிய வழி உண்டா? ஓடும் என்ஜின்மேல் பெட்ரோலைத் தெளித்து, ஓட்டம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்; சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. சீலின் அளவை மட்டும் சொல்லிப் சென்னையின் உதிரிபாகக் கடைவீதிகளான புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ வாங்க முடியுமா, பழைய சீலையே கழற்றிக் கொண்டுபோக வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.