வார்ஸ்பைட்: கேமில் 16 கி.மீ., நிஜத்தில் 24 கி.மீ.?

கடல்பூனை:
வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ் என்ற கடற்போர் கேமில் 6-ம் நிலை பிரிட்டிஷ் போர்க்கப்பல் வார்ஸ்பைட்டை ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். 381 மி.மீ. குண்டு குரூசரின் (நடுத்தரப் போர்க்கப்பல்) பக்கவாட்டில் சரியாக விழுந்தால் ஆள் காலி, அதில் குறையே இல்லை. ஆனால் வீச்சு 16 கி.மீ. சொச்சம்தான். அதற்கு அப்பால் நின்று ஒருத்தன் நம்மை எரித்துக்கொண்டே இருந்தால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இதே கப்பல் நிஜத்தில் 24 கி.மீ. தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த கப்பலை அடித்தது என்கிறார்களே, உண்மையா? உண்மை என்றால் ஏன் இப்படி வெட்டினார்கள்?

பதினைந்து அங்குலம்:
உண்மைதான். 1940 ஜூலை 9, இத்தாலிக்கு அருகே கலாப்ரியா கடற்சண்டை. அடி வாங்கியது இத்தாலியின் போர்க்கப்பல் ஜூலியோ சேசரே. குண்டு புகைபோக்கிப் பக்கம் வெடித்து, புகை கீழே கொதிகலன் அறைகளுக்குள் இழுக்கப்பட்டு, நான்கு கொதிகலன்களை நிறுத்த வேண்டியதாகிவிட்டது, வேகம் 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) அளவுக்கு இறங்கியது. அவ்வளவு தூரத்துக்குக் குண்டு போய்ச் சேரவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் இலக்கு நகர்ந்துவிடும், எனவே இதில் கணக்கும் உண்டு, அதிர்ஷ்டமும் உண்டு. இன்னொன்று: 1915-ல் படையில் சேர்ந்தபோது பீரங்கியை 20 பாகைதான் உயர்த்த முடியும், எட்டுவது 22 கி.மீ.க்குள். 1934-37 மறுகட்டுமானத்தில் 30 பாகை ஆக்கினார்கள். அது நடக்காமல் இருந்தால் கலாப்ரியாவில் அந்தக் குண்டு கடலில்தான் விழுந்திருக்கும்.

மேப்வாசி:
கேமில் வெட்டியதற்குக் காரணம் நேரம். 24 நாட் வேகத்தில் 20 நிமிடம் ஓடினால் நிஜக் கப்பல் 15 கி.மீ. கூடத் தாண்டாது, ஒரு ஆட்டம் அதற்குள் முடிந்தே போகும். அதனால் கப்பல்களைப் பல மடங்கு வேகமாக நகர விட்டு, தூரத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். 16-ஐ 16-ஆகவே எடுத்துக்கொண்டு வரலாற்றோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

சுக்கான்:
வீச்சை விடுங்கள், எனக்கு உறுத்துவது வேறு. கேமில் சுக்கான் அடிபட்டால் ஆர் பட்டனைத் தட்டினால் சரியாகிவிடுகிறது. 1916 மே 31, ஜெர்மன்காரர்களோடு நடந்த ஜட்லாந்து கடற்சண்டையில் பக்கத்தில் வந்த சக பிரிட்டிஷ் கப்பல் வேலியன்ட் மீது மோதாமல் இருக்க வார்ஸ்பைட் திரும்பியது, சுக்கான் அப்படியே சிக்கிக்கொண்டது. ஜெர்மன் கப்பல்கள் எல்லாம் குறிவைக்க, நடுக்கடலில் இரண்டு முழு வட்டம். 14 பேர் செத்தார்கள். ஆனால் அந்த வட்டத்தால் ஜெர்மன்காரர்களின் கவனம் இந்தப் பக்கம் திரும்பி, பக்கத்தில் நொறுங்கிக் கிடந்த வாரியர் என்ற பிரிட்டிஷ் குரூசர் தப்பித்தது. சுக்கான் கோளாறு அதற்கப்புறமும் இந்தக் கப்பலை விடவில்லை. கேம் வார்ஸ்பைட்டோ சின்ன வட்டத்தில் சமர்த்தாகத் திரும்புகிறது, கப்பலின் குணமே போச்சு.

கடல்பூனை:
அதையும் சேர்த்தால் ஒருத்தனும் வாங்க மாட்டான் 😄 போன ஆட்டத்தில் என் டரட் (பீரங்கிகள் உள்ள சுழலும் கூண்டு) ஒன்று உடைந்ததிலேயே வெறுத்துப் போனேன்.

பதினைந்து அங்குலம்:
டரட் போனால் அழாதே. 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ பக்கம் ஃப்ரிட்ஸ் எக்ஸ் என்ற, வழிநடத்தப்படும் ஜெர்மன் குண்டு வார்ஸ்பைட்டின் தளங்களை எல்லாம் துளைத்துக் கொதிகலன் அறை வரை இறங்கி வெடித்தது, கப்பலை மால்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அடிப்பாக ஓட்டையைக் கான்கிரீட்டால் அடைத்து, பின்பக்க டரட் ஒன்று வேலை செய்யாமலேயே, 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் ஆறு பீரங்கியோடு வந்து நின்றது.

ஆட்டத்துக்கு வருவோம். மட்டபான் கடற்சண்டையில் 1941 மார்ச் 28 இரவு ஃபியூமே, ஸாரா என்ற இத்தாலியக் குரூசர்கள் இரண்டையும் நாலு கி.மீ.க்கும் குறைவான தூரத்தில்தான் சிதறடித்தார்கள். நீயும் கிட்டே போ, தீவு மறைவில் 12 கி.மீ.க்குள் வந்து சுடு. டரட் மெதுவாகத்தான் சுழலும், அதனால் எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று முன்னாலேயே திருப்பி வைத்துக்கொள்.

கடல்பூனை:
சரி அண்ணா, இன்று ராத்திரி பார்க்கிறேன். டார்பிடோக்காரன் வந்தால்?

பதினைந்து அங்குலம்:
திரும்பி ஓடு.