தினமும் வேலைக்குப் போக பழைய எம்எக்ஸ்-5: 2002ஆ, 1991 யூனோஸா?

ஹாரோவாசி:

ஹாரோவிலிருந்து ஸ்லவுக்கு வாரம் ஐந்து நாள் போய்வர ஒரு வண்டி வேண்டும். ஒரு வழி ஏறக்குறைய 16 மைல், பாதி நெரிசல், பாதி மோட்டார்வே. பின்சக்கர ஓட்டம், மேனுவல் கியர், இரண்டு சீட் போதும். இப்போது கண்ணில் பட்டிருப்பவை இரண்டு.

ஒன்று, 2002 மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8 விவிடி, 6 கியர், 92,000 மைல். இன்னொன்று, 1991 யூனோஸ் ரோட்ஸ்டர் 1.6 (ஜப்பானில் விற்ற முதல் தலைமுறை எம்எக்ஸ்-5), அண்மையில் ஜப்பானிலிருந்து வந்தது, 1,30,000 கி.மீ.

கராஜ் கிடையாது, தெருவில்தான் நிற்கும். ஸ்பானர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. எதைப் பார்த்து வாங்கணும், வாங்கியதும் எதை மாற்றணும்? மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் கார் ஆர்எக்ஸ்-8 மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு நண்பர் சொல்கிறார். அதையும் சொல்லுங்கள்.

சுக்கான்:

மற்றதெல்லாம் அப்புறம் ப்ரோ, முதல்ல யூலெஸ், அதாவது புகை அதிகம் விடுற வண்டிக்குக் கட்டணம் வாங்குற லண்டன் மண்டலம். 2023 ஆகஸ்ட் 29-லிருந்து லண்டன் முழுக்க இருக்கு, ஹாரோவும் உள்ளேதான். தேறாத வண்டி நகர்ற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. வாரம் ஐந்து நாள்னா 62.50, வருஷத்துல 46 வேலை வாரம்னா 2,875 பவுண்டு. சும்மா நிறுத்தி வச்சா காசு இல்லை, தெருமுனை வரைக்கும் எடுத்தாலே அன்னிக்குக் கட்டணும்.

பெட்ரோல் வண்டிக்கு யூரோ 4 புகைத் தரம் கேக்குறாங்க. அதுக்கு முந்தின வருஷத்து வண்டிகள்லயும் நைட்ரஜன் ஆக்சைடு அளவு குறைவா பதிவாகியிருந்தா தேறிடும். அதனால வருஷத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. விக்கிறவர்கிட்ட பதிவெண்ணை வாங்கி லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் தளத்துல போட்டுப் பாருங்க, அரை நிமிஷ வேலை. யூனோஸ் தேறும்னு நம்பிக்கை வைக்க வேண்டாம். 40 வயசானா பழம்பெரும் வாகனக் கணக்குல விலக்கு உண்டு, ஆனா அந்த மாடல் வந்ததே 1989-ல. முதல் வண்டிக்கே 40 வயசாக 2029 ஆகும்.

அதே பதிவெண்ணைப் போட்டு அரசுத் தளத்துல எம்ஓடி (வருஷாந்திர வாகனத் தகுதிச் சோதனை) வரலாறையும் இலவசமா பாருங்க. ரெண்டு மூணு வருஷமா "துரு"ன்னு அட்வைசரி (எச்சரிக்கைக் குறிப்பு) வந்துட்டு திடீர்னு ஒரு வருஷம் காணாமப் போயிருந்தா, ஒண்ணு ஒழுங்கா வெல்டிங் பண்ணியிருக்கணும், இல்லைன்னா கறுப்புத் தார் பூசி மறைச்சிருக்கணும். பில் கேளுங்க.

இன்ஷூரன்ஸ்: கிளாசிக் பாலிசி விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். பலதுல மைல் வரம்பு இருக்கும், வேலைக்குப் போய்வரக் கூடாதும்பாங்க, தினசரிக்கு வேற வண்டி இருக்கணும்பாங்க. வேலைக்கு ஓட்டுறதைச் சொல்லியே எடுங்க. முந்தைய ஆள் மாத்தின வீல், சஸ்பென்ஷன் எல்லாத்தையும் சொல்லிடுங்க.

கறள்வேட்டை:

சுக்கான் சொன்னது சரி. பாக்கப் போகேக்க எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதேங்கோ. நேரத்துக்கு ஒயில் மாத்தினா அது இரண்டு லட்சம் மைலும் தாண்டும். உடம்புதான் முதல்ல போகும்.

2002 காரில முதல் பாக்க வேண்டிய இடம் பின்சில்லுக்கு (பின் சக்கரத்துக்கு) முன்னால இருக்கிற சில் பெட்டி, அதாவது கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பொள்ளான தகட்டுப் பெட்டி. அங்க கறள் (துரு) உள்ளுக்கிருந்துதான் வரும். துணிக்கூரையில விழுற மழைத்தண்ணி சீற்றுக்குப் பின்னால, பெல்ற் தூணுக்குப் பக்கத்தில, ஒரு குழாயால கீழ இறங்கி பின்சில்லுக்கு முன்னால வெளிய போகவேணும். இலையும் சேறும் அடைச்சா தண்ணி சில் பெட்டிக்குள்ளயும் கம்பளத்துக்குள்ளயும் போகும். பெயின்ற் கொப்புளிச்சு வெளிய தெரியேக்க உள்தகடு எப்பவோ கரைஞ்சிருக்கும். அரை லீற்றர் தண்ணியை அந்த ஓட்டையில ஊத்திப் பாருங்கோ. ஊத்தின உடனே கீழ கொட்டவேணும். சொட்டுச் சொட்டா வந்தா அடைப்பு.

இரண்டாவது இடம் பலருக்குத் தெரியாது. எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் முன்னுக்கு ஓடுற சட்டங்கள். இரண்டாம் தலைமுறையில அது பகுதி இரட்டைத் தகடு, தகடுகளுக்கு இடையில உப்புத்தண்ணி தங்கும். முன்சில்லைக் கழட்டி, கீழ் மறைப்பையும் எடுத்துப்போட்டு, ஸ்க்ரூட்ரைவர் பிடியால தட்டுங்கோ. "டங்" எண்டு கேட்டா நல்லம், "டொக்" எண்டு மந்தமாக் கேட்டா விட்டிட்டு வாங்கோ. சில் வெல்டிங் எண்டா எந்த நல்ல கடையும் செய்யும். இந்தச் சட்டத்துக்கு முன்பக்கம் நிறையக் கழட்டவேணும், செலவு காரின்ர விலைக்குக் கிட்ட வரும். யூனோஸில இந்தத் தொல்லை குறைவு. யூலெஸ் மட்டும் இல்லையெண்டா நான் அதைத்தான் சொல்லியிருப்பன்.

எம்ஓடி விதியையும் விளங்கிக்கொள்ளுங்கோ. சீற் பெல்ற் பூட்டுற இடம், சஸ்பென்ஷன் பூட்டுற இடம், இதுகளில இருந்து 30 செ.மீ.க்குள்ள தாங்குற தகடு கறளில பலமிழந்திருந்தா பெயில். சில் பெட்டியின்ர பின்பக்கம் அந்தக் கணக்குக்குள்ளதான் வரும். ஒட்டுப்போட்டா சுத்திவர விடாம வெல்டிங் இருக்கவேணும், புள்ளி வெல்டிங்கோ பசையோ எடுபடாது.

வாங்கினாப் பிறகு குளிர் தொடங்க முன்னம் மெழுகு அடியுங்கோ. சில் பெட்டிக்கும் முன் சட்டத்துக்கும் 60 செ.மீ. நீளக் குழாய் வைச்ச ஸ்ப்ரே நாலு ரின் போதும். ரின்னைச் சுடுதண்ணியில பத்து நிமிஷம் வைச்சிட்டு அடிச்சா மெழுகு இளகி இடுக்குக்குள்ள ஏறும். ஈரத்துக்கு மேல அடிச்சா ஈரத்தை உள்ள பூட்டி வைக்கிற மாதிரி, அதால காய்ஞ்ச கிழமை பாத்துச் செய்யுங்கோ. ஜப்பானில இருந்து வாற காருகளுக்கு அடிப்பூச்சு இராது. ஒரு குளிர்காலம் லண்டன் உப்பில ஓடினாலே தெரியும்.

ரயர்க் கடையில சில் விளிம்பில ஜாக்கி வைக்க விடாதேங்கோ, அது நசுங்கி அங்க இருந்தே கறள் தொடங்கும். முன்னுக்கு நடுக் குறுக்குச்சட்டம், பின்னுக்கு பின் அச்சில இருக்கிற டிஃப் (டிஃபரன்ஷியல்) பெட்டி, அதுதான் இடம்.

12ஆம்நம்பர்:

நான் இயந்திரப் பக்கம் மட்டும் சொல்றேன். 2002 வண்டியே எடுக்கிறீங்கன்னு வச்சுக்கிறேன்.

டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை. 92,000 ஓடின வண்டிக்கு ஒருமுறை மாத்தினதுக்கு பில் இல்லைன்னா, மாத்தலைன்னே எடுத்துக்கங்க. பெல்ட்டோட டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கிராங்க் சீல், கேம் சீல் எல்லாம் ஒரே தடவையில. பம்பை விட்டுட்டு பெல்ட் மட்டும் மாத்தினா, பம்ப் ஒழுகும்போது அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்கணும்.

ரேடியேட்டரோட மேல்தொட்டி பிளாஸ்டிக். புதுசுல கறுப்பு, வயசானா பழுப்பாகும். பழுப்பா இருந்தா நெரிசல்ல ஒருநாள் விரிசல் விடும், முன்கூட்டியே மாத்துங்க. சூடு முள்ளை நம்பாதீங்க. அது நடுவுல அசையாம நிக்கிற மாதிரி அமைச்சது, எழும்புறப்ப எஞ்சின் ஏற்கெனவே கொதிச்சிருக்கும். கூலன்ட் மொத்தம் 6 லிட்டர். அடர்கரைசல் 3, காய்ச்சி வடித்த தண்ணி 3. ஹீட்டரைச் சூட்டுல வச்சு, மூடி திறந்தபடி ஐட்லிங்ல ஓடவிட்டு காத்து வெளியேத்தணும்.

கிளச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தைத் திரவம் வழியா வாங்கி கிளச்சைத் தள்ளுறது) இந்த வண்டிக்குத் தேயுற பாகம்னே நினைச்சுக்கங்க. காலையில முதல் கியர் முரண்டு பிடிக்கும், பெடலை ரெண்டு தடவை மிதிச்சா விழும். அதுதான் அறிகுறி. கியர்பாக்ஸ் வலப்பக்கம், 12 மி.மீ. போல்ட் ரெண்டு, பைப்புக்கு 10 மி.மீ. பிளேர் ஸ்பானர். சாதா ஸ்பானர் போட்டா நட்டு உருண்டுடும். பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாத்துங்க. புது ஸ்லேவ் போட்டா பழைய மாஸ்டர் அடுத்த சில மாசத்துல ஒழுகுறது வழக்கம்.

கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஆயில், ஜிஎல்-4 தரம், 6 கியர் பாக்ஸுக்கு ஏறக்குறைய 1.75 லிட்டர். ஜிஎல்-5 ஊத்தாதீங்க, அதுல இருக்கிற கந்தகச் சேர்மானம் கியர் மாத்த உதவுற பித்தளை சிங்க்ரோ வளையத்தைத் தின்னும். ஜிஎல்-5 டிஃபுக்குத்தான், 1 லிட்டர். ரெண்டுலயும் ஊத்துற நட்டை முதல்ல கழட்டிப் பாருங்க. அது அசையாம இருக்கும்போது வடிக்கிற நட்டைத் திறந்துட்டா வண்டி அங்கேயே நிக்கும். எஞ்சின் ஆயில் 4 லிட்டர் கேன் ஒண்ணு வாங்கினா போதும். ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிஞ்சிருக்கும். வலது முன்சக்கரத்தைக் கழட்டிட்டுக் கைவிட்டா எட்டும்.

மழையில 3,000 ஆர்பிஎம் பக்கத்துல ஏத்தத்துல உதறினா கம்ப்யூட்டரைத் தேடிப் போக வேண்டாம். பெரும்பாலும் பிளக் ஒயர்தான். ஒயர் செட்டும் நாலு பிளக்கும் சேர்த்து மாத்துங்க, இடைவெளி 1.1 மி.மீ.

ஹேண்ட்பிரேக் மேலே மேலே வருதா? கேபிளை இறுக்காதீங்க. பின் பிரேக் காலிப்பருக்குப் பின்னாடி 14 மி.மீ. போல்ட் ஒண்ணு மூடி மாதிரி இருக்கும், அதைக் கழட்டி உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி விடுங்க. சக்கரம் பிடிக்கிற வரைக்கும் கடிகாரச் சுற்றுல திருப்பி, மூணுல ஒரு சுத்து தளர்த்துங்க. ஸ்லைடர் பின்னையும் கழட்டிச் சுத்தம் பண்ணி கிரீஸ் வைங்க, உப்புல அதுதான் முதல்ல பிடிக்கும்.

பேட்டரி டிக்கியில இருக்கு. வாயு வெளியேற குழாய் இணைக்கிற வகைதான் வாங்கணும். கிடைச்சதைப் போட்டா அமில வாயு டிக்கித் தகட்டை அரிக்கும்.

டயர்: பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டினா பட்டன் ஆழமா இருந்தாலும் தூக்கிப் போடுங்க. ஏறக்குறைய ஒரு டன் எடை, பின்சக்கர இழுவை. ஈர ரவுண்டபவுட்ல இறுகிப்போன ரப்பர் சொல்லாமலே வழுக்கும். கம்பெனி சொன்ன காத்து 26 பிஎஸ்ஐ. கடையில சாதா கார்னு நினைச்சு 34 அடிச்சுடுவாங்க, பார்த்துக்கங்க.

ஆர்எக்ஸ்-8: மலிவுக்குக் காரணம் இருக்கு. எஞ்சின் தன் சீல்களுக்காக ஆயிலைத் தானே எரிக்கிற அமைப்பு. வாசல்ல குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி இடம் மாத்திட்டு உடனே ஆஃப் பண்ணினா பெட்ரோல் தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தெரு பார்க்கிங்குக்கு இதுவே போதும் வேண்டாம்னு சொல்ல. எடுத்தே ஆகணும்னா ரோட்டரிக்கான மீட்டர்ல கம்ப்ரெஷன் அளந்து எழுதி வாங்குங்க, சாதா மீட்டர் உதவாது.

ஹாரோவாசி:

நன்றி. பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தேன், 2002 வண்டி யூலெஸில் தேறுகிறது, யூனோஸ் தேறவில்லை. முன் சட்டம் இரண்டு பக்கமும் கெட்டியாக ஒலித்தது. ஆனால் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் கம்பளம் ஈரம், தண்ணீர் ஊற்றினால் மெதுவாகத்தான் இறங்குகிறது. இடது சில் பெட்டியில் விரல்நுனி அளவு கொப்புளம். விட்டுவிடவா?

கறள்வேட்டை:

சட்டம் நல்லமெண்டா விடாதேங்கோ தம்பி. விலையைக் குறையுங்கோ. ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கச் சில் வெல்டிங்குக்கும் கடையில விலை எழுதி வாங்கி, அதைக் காட்டிப் பேசுங்கோ. ஒரு பக்கம் கொப்புளிச்சா மற்றப் பக்கமும் தொடங்கியிருக்கும்.

அடைப்புக்கு 3 மி.மீ. புல்வெட்டி நைலோன் நூலை நுனியை நெருப்பில மழுக்கிப்போட்டு மெல்லச் சுழட்டி விடுங்கோ. கம்பி விட்டா குழாய் கிழியும், காத்து அடிச்சா குழாய் உள்ளுக்க கழண்டு தண்ணி நேர சில் பெட்டிக்குள்ள போகும். கம்பளத்தைத் தூக்கி அடியில இருக்கிற பஞ்சையும் வெளிய எடுத்துக் காயவிடுங்கோ, மேல மட்டும் காய்ஞ்சு பிரயோசனம் இல்லை. வெல்டிங் முடிஞ்சாப் பிறகுதான் மெழுகு. முதல்ல அடிச்சா வெல்டிங் நெருப்பில பத்தும்.

12ஆம்நம்பர்:

வெல்டிங்குக்குக் குடுக்கும்போது பேட்டரி ரெண்டு முனையையும் கழட்டி, பக்கத்து சீட்டையும் பெல்ட்டையும் எடுத்துடச் சொல்லுங்க. சில் பெட்டி அடியில இருக்கிற வடிகால் ஓட்டைகளை வெல்டர் மூடிடாம பார்த்துக்கங்க, பல பேர் மூடிடுறாங்க.