மறு: கலைச்சொல் - ஃபிட்னெஸ்: தகுதியா, வல்லமையா, தகவா?

அனைவருக்கும் வணக்கம். பரிணாம உயிரியலில் வரும் 'ஃபிட்னெஸ்' (fitness) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> வல்லமை என்றே வைத்துவிடலாம். வல்லது வாழும் என்பதுதானே டார்வின் கொள்கை?

இல்லை ஐயா. நீங்கள் நினைக்கும் 'survival of the fittest' என்ற தொடர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சருடையது, 1864. இயற்கைத் தேர்வைத் தனியாகவே கண்டறிந்த வாலஸ் வற்புறுத்தியதால் டார்வின் அதை எடுத்துக்கொண்டார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் 1869 பதிப்பில்தான் அது வருகிறது. அதிலும் வல்லமை இல்லை. நம்மிடம் புழங்கும் 'தக்கன பிழைத்தல்' மூலத்துக்கு எவ்வளவோ நெருக்கம்.

வல்லமை ஏன் ஆகாது என்பதற்கு பசிபிக் கடலில் உள்ள கலாபகசுத் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவைப் பாருங்கள். உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இருவரும் அங்கே குருவிகளுக்கு வளையம் மாட்டி, அலகை அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியதில் முக்கியமானது நம் ஊர் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் முள்காய். அதை அலகால் கவ்வி, ஓரத்தை நெரித்துத் திருகினால்தான் உள்ளே விதை. தடித்த அலகுக்கு அது முடிந்தது. சிறிய அலகு முயன்றுவிட்டுப் போட்டுவிட்டது. நடுத்தரத் தரைக்குருவிகளில் 85 சதவீதம் அழிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் முன்பிருந்ததைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு பொரித்த குஞ்சுகளுக்கும் தடித்த அலகு.

சரி, தடித்த அலகுதான் வல்லமையா? 1983-இல் எல் நினோ மழை கொட்டியது. சிறுவிதைச் செடிகள் தீவை மூடின, முள்காய் அருகியது. அதன்பின் வந்த வறட்சியில் சிறிய அலகுக்காரர்கள் ஜெயித்தார்கள். அதே தீவு, அதே இனம், பத்தாண்டுகூட ஆகவில்லை.

> பாடநூலில் 'தகுதி' இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

மாணவருக்கு அது கல்வித் தகுதி, உடற்தகுதி, வேலைக்குத் தகுதி. உழைத்துச் சம்பாதிப்பது. உயிரியல் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தச் சூழலில் அடுத்த தலைமுறைக்கு எத்தனை வாரிசு விட்டுச் சென்றாய்? நூறாண்டு வாழ்ந்து குஞ்சு பொரிக்காத பறவையின் மதிப்பு இதில் பூச்சியம்.

அதனால் என் முன்மொழிவு 'தகவு'. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்கிறது குறள். பரிமேலழகர் எச்சத்துக்கு மக்கள் என்றே பொருள் கொள்கிறார். வள்ளுவர் பேசியது நடுவுநிலைமை. டார்வினை முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று யாரும் கிளம்பவேண்டாம். ஆனால் சொல்லும் அளவுகோலும் இப்படி ஒரே குறளில் கிடைப்பது அபூர்வம்.

'எச்சத்தகவு' என்று நீட்டலாம் என ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். பறவை ஆய்வில் 'குருவியின் எச்சம்' என்றால் வாசகர் எதை நினைப்பார் என்று சொல்லவேண்டுமா! போதாததற்கு எச்ச உறுப்பு, தொல்லுயிர் எச்சம் எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.

> தகவு என்றால் கணக்கில் விகிதம் ஆயிற்றே, குழம்பாதா?

குழம்பாது அம்மா, உதவும். ஆய்வகத்தில் இதை விகிதமாகத்தான் அளக்கிறார்கள். உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் 12 குடுவைகளில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். அவ்வப்போது ஒரு பகுதியை உறையவைத்தார். உறைந்த முன்னோரை எழுப்பி, பின்னோரோடு ஒரே குடுவையில் ஒரு நாள் போட்டியிட விடுவார்கள். தட்டில் பரப்பினால் ஒரு தரப்பு சிவப்புப் புள்ளி, மறுதரப்பு வெள்ளை. எது எத்தனை முறை இரட்டித்தது என்று எண்ணிக் கணக்கிட்டு வகுத்தால் தகவு. 20,000 தலைமுறைக்குள் பின்னோர் ஏறத்தாழ 70 சதவீதம் வேகமாகப் பெருகின. அதாவது தகவு 1.7 வாக்கில். 'வல்லமை 1.7' என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொரு வசதி, தகவமைப்பு ஏற்கெனவே நம் பாடநூலில் இருக்கிறது. தகவைக் கூட்டும் அமைப்பு தகவமைப்பு. இலங்கை நண்பர்கள் இசைவாக்கம் என்பார்கள், அவர்களுக்கு இந்தத் தொடர்பு கிடைக்காது. அதற்கு அவர்களே ஒரு வழி சொல்லட்டும்.

ஒப்பிட்டுச் சொல்ல 'ஒப்புத்தகவு' போதும். எனக்குத் தீராதது உயிரியலாளர் ஹாமில்டன் 1964-இல் சொன்னது: வேலைக்கார எறும்பு தான் முட்டையிடாவிட்டாலும் உடன்பிறப்புகளை வளர்த்துத் தன் மரபணுவைக் கடத்துகிறது. சுற்றத்தையும் சேர்த்த இந்தக் கணக்குக்கு 'கிளைத்தகவு' என்று வைக்கலாமா? கிளைக்குச் சுற்றம் என்ற பொருள் உண்டு, ஆனால் இன்று மரக்கிளையும் வங்கிக்கிளையும்தான் முதலில் வரும். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.