ஏற்காடு ஏறி இறங்க முழு ஆஃப்ரோடு டயர் போடலாமா?

அஸ்தம்பட்டி ஹிமாலயன்:
வணக்கம். என்னுடையது பழைய ஹிமாலயன் 411 பைக். முன்னால் 21 இன்ச், பின்னால் 17. இரண்டு டயரும் மொட்டை. வாரத்தில் நான்கு நாள் அடிவாரம் வழியாக ஏற்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஞாயிறு மட்டும் நாகலூர் பக்கம் எஸ்டேட் மண் பாதையில் சுற்றுவேன். போன கார்த்திகை மழையில் ஒரு செம்மண் ஏற்றத்தில் பின் டயர் சும்மா சுற்றிக்கொண்டே நின்றது. காபி பறிக்க வந்த அக்காக்கள் நாலு பேர் தள்ளிவிட்டார்கள். மானம் போச்சு. அன்றிலிருந்து கட்டை கட்டையாக இருக்கும் டயர் மேலேயே கண். தினமும் தார் ரோட்டில் ஓட்டினால் சரி வருமா?

செவ்வாய்ப்பேட்டை வெல்லமண்டி:
இரண்டு வருடம் போட்டு ஓட்டியவன் சொல்கிறேன். காய்ந்த ரோட்டில் பெரிய பிரச்சினை இல்லை. வண்டியைச் சாய்த்தால் கட்டைகள் வளைந்து கொடுக்கும், அடியில் ஏதோ நெளிகிற மாதிரி இருக்கும். பழகிவிடும்.

பழகாதது மழை. கட்டைக்குக் கட்டை இடைவெளி விட்டிருப்பதால் தாரில் படுகிற ரப்பரே குறைவு. சேற்றில் அந்த இடைவெளிதான் பிடிப்பு, ஈரத் தாரில் அதுவே வினை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒரு வளைவில் பஸ் மூக்கை நீட்டியது. முன் பிரேக்கைத் தொட்டேன், ஹேண்டில் கையில் லேசாகிப் போனது. விழவில்லை. ஆனால் அடிவாரத்தில் டீ வாங்கி உட்கார்ந்த பிறகும் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

அப்புறம் தேய்மானம். எனக்குப் பின் டயர் 6000 கிலோமீட்டரில் நடுவில் வழித்துவிட்டது. முன் டயரைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுவழு, எதிர்ப்பக்கம் ரம்பப் பல். இறக்கம் பூராவும் பிரேக் பிடித்ததில் கட்டைகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. அந்த நிலைக்கு வந்தால் போடும் ஊளைச் சத்தம் இருக்கிறதே!

நாகலூர் மிளகு:
முன்னால் கட்டை, பின்னால் பாதிக்குப் பாதி டயர், அதாவது தாருக்குப் பாதி மண்ணுக்குப் பாதி என்று இருப்பது, போடுங்க தம்பி. சீக்கிரம் தேய்வது பின் டயர்தான். மண்ணில் வழி பிடிப்பது முன் டயர். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வெல்லமண்டி:
அண்ணா, நீங்க மலையை விட்டு இறங்குவதே மாதம் ஒரு தடவை. இவர் வாரத்துக்கு நான்கு தடவை. இறக்கத்தில் பாதிக்கு மேல் பிரேக் வேலை முன் டயருக்குத்தானே?

நாகலூர் மிளகு:
அதுவும் சரிதான். அப்போ இரண்டுமே பாதிக்குப் பாதி. மண் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் காற்றை 20 psi-க்கு இறக்குங்க. அதற்கும் கீழே வேண்டாம். டியூப் டயர், கல்லில் ரிம் இடித்தால் டியூப் கிழியும். தார் ரோடு ஏறும் முன்னால் மறக்காமல் ஏற்றிவிடணும், சின்ன பம்ப் ஒன்று பையில் இருக்கட்டும்.

அஸ்தம்பட்டி ஹிமாலயன்:
சரிங்க, அதையே போட்டுக்கிறேன். ஆனால் அந்தச் செம்மண் ஏற்றம்?

நாகலூர் மிளகு:
மழையில் அங்கே எங்க ஜீப்பே சக்கரத்துக்குச் சங்கிலி கட்டித்தான் ஏறும். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து வாங்க, காபி தருகிறேன்.