சாப்பிடாமல் இருந்த எங்கள் கினிப்பிக் ‘மிளகு’ பற்றி: புதுப்பிப்பு

மிளகு என்ற எங்கள் கினிப்பிக் (கினிப்பன்றி) புல்லை வாயில் எடுத்து எடுத்துக் கீழே போடுகிறது, எச்சில் வழிந்து தாடையெல்லாம் ஈரம் என்று எழுதியிருந்தேன். பல்லாக இருக்கும் என்றீர்கள். அதேதான். கீழ்க் கடைவாய்ப்பற்கள் இரு பக்கமும் உள்ளே சாய்ந்து, நாக்கை அமுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தன. இவற்றுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்துத்தான் தேய வேண்டும். மயக்க மருந்து கொடுத்து ராவினார்கள். நல்லபடியாக எழுந்துவிட்டது.

ஆனால் பல் சரியானதும் சாப்பாடு தானாக இறங்கிவிடாது. தாடை வலிக்கு இன்னும் மருந்து போகிறது. வயிறு காலியாகக் கிடந்தால் குடல் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் ராத்திரியும் அலாரம் வைத்து ஊட்டுகிறோம். தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மைய மசித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக விட வேண்டும். மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மல்லாக்கப் போட்டு ஊட்டவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். துண்டில் சுருட்டினால் தங்கையிடம் அடங்குகிறது. என் முகத்தில் துப்புகிறது!

வைட்டமின் சி அதன் உடம்பில் உற்பத்தியாகாது, நம்மைப் போலத்தான். அதற்குத் தனிச் சொட்டு மருந்து. தினமும் சமையலறைத் தராசில் எடை பார்க்கிறோம். 640 கிராம் வரை இறங்கியது இப்போது 700ஐத் தாண்டிவிட்டது. புழுக்கையும் பழைய அளவில் வருகிறது. நேற்று கொத்தமல்லித் தழையைத் தானே இழுத்துத் தின்றது, காம்பை மட்டும் விட்டுவிட்டது.

அப்புறம், கினிப்பிக்குக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினைக் கொடுத்துவிடாதீர்கள். இவற்றின் குடலைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும்.

அடுத்த மாதம் பல்லை மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை கழுவிய அருகம்புல்லைப் பொடியாக நறுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.