பீரோவில் பூட்டி வைத்த ஃபைல்

15 வயதுப் பையனின் அம்மா:

என் பையனுக்கு நாலரை வயசில் ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். ஏழு வயசில் கடைசி மாத்திரை. அன்றைக்கு ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டியவள்தான், பிறகு திறக்கவே இல்லை. 12 வயசு வரைக்கும் செக்கப்புக்குக் கூட்டிப் போனோம், "உனக்கு ரத்தம் கம்மி, அதான் டெஸ்ட்" என்று சொல்லி. அப்புறம் அதையும் விட்டுவிட்டோம். நன்றாகத்தானே இருக்கிறான்!

போன மாதம் ஃபுட்பால் டீமில் சேர மெடிக்கல் ஃபார்ம் கொண்டுவந்தான். "இதற்கு முன் பெரிய நோய் ஏதேனும்?" என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"பொய் எழுதுறியேம்மா."

கை நடுங்கிவிட்டது. "அந்த ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கிற போர்டை எனக்குப் படிக்கத் தெரியாதா? 11 வயசுலயே தெரியும். போன்ல தேடிப் பாத்துட்டேன்" என்றான்.

நோய் வந்தது அவனுக்குத் தெரியும் என்பதைவிட, நாலு வருஷம் அதைத் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்பதுதான் என்னைப் போட்டு அறைந்தது. நான் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் படித்தான். இரண்டே கேள்வி கேட்டான். "டானோரூபிசின்னா என்ன?" அப்புறம், "நான் ரொம்ப அழுதேனா?" இரண்டாவதற்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்.

20 வயது, ஒன்பது வயசில் எலும்புப் புற்றுநோய் வந்தவன்:

அக்கா, உங்க பையன் கேட்டானே, அதுவே பெரிய விஷயம். நான் கேக்கவே இல்ல. எனக்கு சிஸ்பிளாட்டின்னு ஒரு புற்றுநோய் மருந்து போட்டாங்க. அது காதைக் கெடுக்கும், அதுவும் முதல்ல கீச்சுன்னு இருக்குற உச்ச ஒலிகளைத்தான். அதனால ஆள் பேசுறது கேக்கும், ஆனா 'ஸ', 'ஷ' எல்லாம் விழுந்துடும். கடைசி பெஞ்ச்ல உக்காந்து பாதி புரியாம முழிப்பேன், திமிருன்னு பேரு வாங்கினேன். 14 வயசுலதான் மிஷின் மாட்டினாங்க. மருந்துப் பேரு முன்னாடியே கையில இருந்திருந்தா அஞ்சு வருஷம் மிச்சம்.

இன்னொண்ணு. "நீ புலிடா, கேன்சரையே ஜெயிச்சவன்" மட்டும் வேணாம். தலைவலி வந்தா மறுபடியும் அதுவோன்னு ராத்திரி முழுக்கத் தூங்காத புலி நான். எங்கப்பா ரொம்ப நாள் "ஒண்ணுமில்லடா"ன்னுதான் சொல்வார். ஒரு நாள் மாத்திச் சொன்னார்: "பயமா இருக்கா? எனக்கும்தான். காலையில காட்டிடுவோம்." அன்னைக்குத் தூங்கினேன்.

சிகிச்சை முடிந்த பிள்ளைகளைக் கவனிக்கும் பிரிவில் நர்ஸ்:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா. டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் புற்றை அழிக்கும், ஆனால் இதயத் தசையைப் பல வருஷம் கழித்துக்கூடத் தளர்த்தலாம். எல்லாருக்கும் வரும் என்றில்லை. மொத்த அளவு எவ்வளவு ஏறியது, நெஞ்சில் கதிர்வீச்சு கொடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ போயிருந்தால் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொண்டு, எக்கோவை, அதாவது இதய ஸ்கேனை, ஆயுளுக்கும் தொடரச் சொல்வோம். எந்த அறிகுறியும் இல்லாமலே ஆரம்பிக்கும் என்பதால் "நன்றாகத்தானே இருக்கிறான்" போதாது. ஃபுட்பாலை நிறுத்தாதீர்கள். எக்கோ எடுத்து, டாக்டரைக் கேட்டுவிட்டு விளையாடட்டும். ஃபார்மை மட்டும் திருத்திவிடுங்கள்.

ஃபைல் முழுவதும் வேண்டாம், ஒரு பக்கச் சுருக்கம் கேளுங்கள்: நோயின் பெயர், மருந்துகளும் மொத்த அளவும், கதிர்வீச்சு என்றால் எந்த இடம், எவ்வளவு, என்ன ஆபரேஷன். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டரைப் பார்த்தாலும் அது பேசும்.

13, 14 வயசானதும் நாங்கள் பெற்றோரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வோம். கதவு சாத்தியதும் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்குக் குழந்தை பிறக்குமா?" அப்பா அம்மா முன்னால் அதைக் கேட்ட பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு கணக்கு டீச்சர்:

என் வகுப்பில் ஒரு பெண். எல்லாம் தெரியும், ஆனால் பரீட்சையில் பாதித் தாள் காலி. சோம்பல் என்று திட்டினேன், வெட்கமாக இருக்கிறது. சின்ன வயசில் தலைக்குக் கதிர்வீச்சு, முதுகில் மருந்து ஊசி எல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று அவள் அம்மா பிறகுதான் சொன்னார். அவளுக்குக் குறைந்தது யோசிக்கும் வேகம்தானாம், அறிவு அல்ல. கூடுதல் நேரம் கொடுத்தோம். தாள் நிரம்பியது.

தம்பிக்கு நோய் வந்த ஒரு அக்கா:

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதையும் கூட உட்கார வையுங்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அவனோடு சண்டை போட்டதால்தான் வந்தது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

15 வயதுப் பையனின் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஃபார்மைத் திருத்திவிட்டேன். அந்த ஒரு பக்கத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கி, அவனே போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை எக்கோ. "நீ வெளியில இரும்மா, நான் பேசிட்டு வரேன்" என்று இப்போதே சொல்லிவிட்டான். நர்ஸம்மா, அந்தக் கொஞ்ச நேரம் என்பது எவ்வளவு நேரம்?